பன்னிரண்டாவது கடிதமும் ஒரு வாளி மட்டியும்

நீரேற்று நிலையத்தில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கலங்கலக்கா என்று கேளுங்கள்; வாசற்காவலர் முதல் பொறியாளர் வரை எல்லாரும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன அறையைக் காட்டுவார்கள். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளந்து எழுதுவது அவள் வேலை. எண் ஏறினால் கலங்கல், இறங்கினால் தெளிவு, அவ்வளவுதான் கணக்கு. இருபத்து மூன்று வருடமாக அதே அறை, அதே மேசை, அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் இரண்டு முறை கால் மாற்றியிருக்கிறார்கள்.

பாட்டில் கழுவத்தான் முதலில் சேர்ந்தாள். அப்போது அளவு எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் கலங்கல் அளக்கும் மானி பழுதாகிவிட்டதென்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இவள் ஈரக் கையோடு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பதினேழு இருக்கும் சார்" என்றாள். பெரிய மனுஷி சொல்லிவிட்டாள் என்று அவர் சிரித்தார். மறுநாள் மானி சரியானதும் அதே பாட்டிலைக் குலுக்கி அளந்தால் பதினேழரை. மனுஷர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஓய்வு பெறும்போது அந்த நாற்காலிக்கு இவளைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுடைய பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இருபத்து மூன்று வருடத்தில் ஓர் அடித்தல் கிடையாது, மேலெழுத்து கிடையாது. எழுதுவதற்கு முன் மூன்று முறை அளப்பாள், மூன்றும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறப்பாள். இந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. மற்றவர்கள் நகையைப் பூட்டி வைப்பதைப் போல அவள் பழைய பதிவேடுகளை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இதற்கெல்லாம் ஒரு மரியாதையும் இல்லை. கணவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் எட்டு ஊசியைப் பற்றியதாக இருக்கும். அவர் பேசாத பேச்சையெல்லாம் அவருடைய தங்கை பேசித் தீர்த்தாள். சலவை நிலையத்தில் வெள்ளைத் துணிப் பிரிவில் வேலை. எதிர் வீட்டில் குடியிருப்பு. சாப்பாடும் சண்டையும் மட்டும் இங்கே. "எங்க அண்ணிக்கு டீ குடுத்துப் பாருங்க, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து முப்பத்தாறுன்னு சொல்லிட்டுத்தான் குடிப்பாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யும் இல்லை.

இப்படிப்பட்டவள்தான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள்தான், ஆறு வருடமாக ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். அதுவும் பதினோரு முறை, கையெழுத்துப் போட்டு.

நிலையத்துக்குத் தண்ணீர் வருவது ஒரு வாய்க்கால் வழியாக. ஆற்றிலிருந்து பிரிந்து, உறிஞ்சு குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டு, மறுபடி ஆற்றிலேயே போய்ச் சேரும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் தண்ணீர் வற்றியபோது, குழாய் வாயிலிருந்து நாற்பது எட்டு எடுத்து வைக்கும் தூரம் மேலே, வாய்க்காலின் அடியில் கறுப்பாக ஒரு மேடு முதுகைக் காட்டியது. கலங்கலக்கா கரையில் நின்று பார்த்தாள். மேடு என்றால் மண். மண் என்றால் கலங்கல். கலங்கல் என்றால் அவளுக்கு ஜென்ம விரோதி. அன்றைக்கே உட்கார்ந்து முதல் கடிதம் எழுதினாள்: குழாய் வாய்க்கு மேலே வண்டல் மேடு சேர்ந்திருக்கிறது, தூர்வார வேண்டும். பதில் இல்லை. இரண்டாவது எழுதினாள். பிறகு வருடத்துக்கு இரண்டு. பொறியாளர் அவளைத் தூரத்தில் பார்த்தாலே, "வருதும்மா, எந்திரம் வருது" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போகும் அளவுக்கு ஆனது.

கடைசியில் வந்தேவிட்டது. ஒரு புதன்கிழமை காலை, மஞ்சள் நிறத்தில், நீண்ட கையும் பல் வைத்த தொட்டியுமாக அந்தத் தூர்வாரும் எந்திரம் கரையில் வந்து நின்றபோது கலங்கலக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. எந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஒரு பெரிய பொட்டலம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் பல்குச்சியை வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளிவிட்டு, "இது வரைக்கும் எனக்கு யாரும் மாலை போட்டதில்லைங்கிறதுதான் ஒரே குறை. நீங்க தீத்து வெச்சிட்டீங்கக்கா" என்றார். கீழ்க்கோடியில் தொடங்கி மேல்நோக்கி வருவதாகவும், வெள்ளிக்கிழமை மதியம் மேட்டுக்கு வந்துவிடுவதாகவும் சொன்னார். அந்த மூன்று நாளும் ஊருக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் போகும்.

இன்னொருத்தியாக இருந்தால் அத்தோடு போய் அறையில் உட்கார்ந்திருப்பாள். இவளால் முடியுமா? மேட்டை எடுப்பதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது, எடுத்த பின் எப்படி ஆனது என்று எழுதி வைத்தால்தானே தன் பதினோரு கடிதத்துக்கும் அழகு? எந்திரம் கிளம்பும் முன்பே இரண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். மேட்டுக்கு மேலே, ஆற்றுப் பக்கத்தில் ஒன்று. மேட்டுக்குக் கீழே, குழாய்ப் பக்கத்தில் ஒன்று.

மேலே முப்பத்தொன்று. கீழே பன்னிரண்டு.

பாட்டிலை மாற்றி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள், மாறவில்லை. மானியைத் துடைத்தாள், தெளிந்த நீரை வைத்துச் சரிபார்த்தாள், மறுபடி அளந்தாள். முப்பத்தொன்று, பன்னிரண்டு. வாய்க்காலுக்கு ஓடினாள், புதிதாக எடுத்து வந்தாள். முப்பது, பன்னிரண்டு. அவளுக்குக் கோபம் வந்தது. மேடுதான் தண்ணீரைக் கலக்குகிறது என்று பதினோரு முறை எழுதியவளிடம், அந்த மேட்டைத் தாண்டி வந்த தண்ணீர் பாதிக்குமேல் தெளிந்து வந்து நின்றால் கோபம் வராதா?

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது, உறைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. இருபத்து மூன்று வருடத்தில் மேட்டுக்கு மேலே அவள் ஒரு முறைகூடத் தண்ணீர் எடுத்ததில்லை. குழாய் வாயில் எடுக்க வேண்டும் என்பது விதி. அங்கேதான் எடுத்தாள், தினம் இரண்டு வேளை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அடுத்தவருக்குச் சொல்லுவோம். இவள் காலையே விடாமல் ஆழத்தைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறாள்.

முழங்கால் காலணியை மாட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். மேட்டின் மேல் போய்க் குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டாள். சேறு வழுவழுவென்று விரலிடுக்கில் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கெட்டியாக, வரிசையாக, அலமாரியில் நெருக்கி அடுக்கிய புத்தகங்களின் விளிம்பு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. ஒன்றைப் பிடித்து அசைத்து இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு மட்டி, ஆற்றுச் சிப்பி வகை. அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்ததும் அது சளக்கென்று ஒரு வாய் தண்ணீரை அவள் மூக்கிலேயே பீச்சிவிட்டு இறுக மூடிக்கொண்டது.

பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அகலத்துக்கு நாலு எட்டு, நீளத்துக்கு இருபது எட்டு, அந்த மேடு முழுக்க மட்டி. ஆயிரக்கணக்கில், தோளோடு தோள் நெருக்கி, செத்ததன் ஓட்டின்மேல் உயிருள்ளது நின்றுகொண்டு. அசையாமல் நின்று பார்த்தால், ஒவ்வொன்றின் மேல்முனையிலும் பொத்தான் துளை போல இரண்டு பிளவு மெல்லத் திறந்தது. கரையில் கிடந்த செங்கல் துண்டை உரசிப் பொடியாக்கி, சொட்டுக்குழாயில் தண்ணீரோடு எடுத்து, ஒரு பிளவுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டாள். சிவப்பு மேகம் அப்படியே உள்ளே போனது. பக்கத்துப் பிளவிலிருந்து தண்ணீர் வெளியே வருவது விரலில் தெரிந்தது. சிவப்பு வரவில்லை.

"அட பாவி" என்றாள் கலங்கலக்கா. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான். காசு கேட்காமல், சம்பளம் கேட்காமல், படிகாரம் போடாமல் ஒரு பெருங்கூட்டமே நிலையத்தின் வேலையை நிலையத்துக்கு முன்னால் செய்துகொண்டிருந்திருக்கிறது. அவள் அதை வாரி எறிய எந்திரத்தை வரவழைத்து, பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சொந்தச் செலவில் சூனியம் என்றால் இதுதான்.

கீழ்க்கோடியில் எந்திரம் உறுமத் தொடங்கியது.

பொறியாளரின் அறைக்குள் அவள் காலணியோடு போய் நின்றபோது தரையில் சேறு சொட்டியது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. இந்த எந்திரத்துக்காக மூன்று கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கோப்பைத் திறந்து ஏழாவது கடிதத்தை எடுத்தார்.

"'இந்த மேடு இருக்கும்வரை நல்ல தண்ணீர் என்பது கனவுதான்.' யார் எழுதினதும்மா இது?"

"நான்தான் சார்."

"ஒன்பதாவது. 'மேட்டை எடுக்காவிட்டால் நானே மண்வெட்டியோடு இறங்க நேரிடும்.'"

"இறங்கிட்டேன் சார். இறங்கினதாலதான் சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. மேட்டில் தண்ணீர் தேங்கித்தான் போகிறது, தேங்கினால் மண் தானாக அடியில் படியும், அதில்தான் எண் இறங்கியிருக்கும், மட்டிக்கு எதற்குப் பட்டம் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கலங்கலக்காவுக்கே அது பிடித்திருந்தது. "காட்டுறேன் சார். உங்க கண்ணு முன்னால காட்டுறேன்" என்றாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி என்று முடிவானது. அன்று மதியத்துக்குள் காட்டாவிட்டால் எந்திரம் மேட்டில் ஏறும். சனிக்கிழமை அது வேறு ஊருக்குப் போயாக வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் கரையில் ஒத்திகை பார்த்தாள். இரண்டு பழைய வாளி, இரண்டிலும் வாய்க்கால் தண்ணீர், ஒன்றில் மட்டும் இருபது மட்டி. அன்றும் மறுநாளும் விடுமுறை என்று நாத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். முதல் அரைமணி நேரம், "அண்ணி, நேத்து வரைக்கும் தண்ணியத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. இன்னிக்கு வாளியையா?" என்று கேலி செய்தாள். ஒரு மணி நேரத்தில் கேலி நின்றது. இரண்டு மணி நேரத்தில் மட்டி இருந்த வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. மற்ற வாளியில் கையை விட்டால் மணிக்கட்டு தெரியவில்லை.

"அண்ணி, எங்க சலவை நிலையத்துல இப்படி ஒரு எந்திரம் இருந்தா நான் வேலைக்கே போக வேணாம்" என்றாள் நாத்தனார். கலங்கலக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருமே சேறாகிப்போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. பெரிய மனுஷர் முன்னால் காட்டும் காரியம். பழைய வாளியிலா காட்டுவது? ஆய்வறையின் பெரிய கண்ணாடி ஜாடிகள் இரண்டை எடுத்தாள். தேய்த்தாள், குழாய்த் தண்ணீரில் மூன்று முறை அலசினாள். மட்டிகளையும் விடவில்லை. பொறியாளரின் மேசை அழுக்காகக் கூடாது என்று ஒவ்வொன்றையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவி, சற்று நேரம் குழாய்த் தண்ணீரிலேயே ஊறவும் வைத்தாள். கறுப்புக் கல் பதித்த நகை மாதிரி பளபளத்தன. ஜாடிகளில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டிகளை இறக்கி, பெருமையாகத் தள்ளி நின்றாள்.

ஒன்பதரை ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பத்து. பத்தே கால். மட்டிகள் வாயைத் திறக்கவில்லை. கடன்காரன் கதவைத் தட்டும்போது உள்ளே மூச்சுக் காட்டாமல் இருப்பவர்களைப் போல எல்லாம் இறுக மூடிக் கிடந்தன. இரண்டு ஜாடியும் ஒரே கலங்கல். கலங்கலக்காவின் காது சூடாகிவிட்டது. ஜன்னல் வழியே எந்திரத்தின் சத்தம் நேற்றைவிடக் கிட்டத்தில் கேட்டது.

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. "விடுங்கம்மா. நேத்து ரெண்டு வாளியிலயும் வேற வேற தண்ணியா இருந்திருக்கும். யாருக்கும் தப்பு வரத்தானே செய்யும்."

அந்தக் கடைசி வாக்கியம் அவள் நெஞ்சில் குத்தியது. ஏதாவது ஒரு பிளவு திறக்கிறதா என்று ஜாடிக்குள் மறுபடி குனிந்து பார்த்தாள்.

அப்போது மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போன அண்ணிக்காக டப்பாவோடு நாத்தனார் வந்து சேர்ந்தாள். அறைக்குள் காலை வைத்ததும் மூக்கைச் சுருக்கினாள். நேராக ஜாடியிடம் போய்க் குனிந்து மோந்தாள்.

"அண்ணி, இதை எதுல கழுவினீங்க?"

"குழாய்த் தண்ணியில."

"எந்தக் குழாய்?"

"நம்ம குழாய்தான். நாம சுத்தம் பண்ணி அனுப்புற..." கலங்கலக்கா பாதியில் நிறுத்தினாள்.

"வெளுப்புத்தூள் வாடை தூக்கி அடிக்குது. நாள் பூரா அதுலயே கெடக்கிறவ நான், என் மூக்குக்கே காட்டமா இருக்குன்னா இந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்? நீங்க இருபத்து மூணு வருசம் இங்கயே இருந்து இருந்து மூக்கு செத்துப்போச்சு அண்ணி."

குளோரின். ஊருக்குக் கொடுக்கும் தண்ணீரில் கிருமியைக் கொல்ல அவர்களே கலப்பது. நிலையத்துக்குள்ளே இருக்கும் குழாயில் காட்டம் இன்னும் அதிகம். உலகத்தில் யாராவது ஒரு மட்டியைப் பிடித்தால் ஆற்றுத் தண்ணீரில் அலசுவார்கள். நீரேற்று நிலையத்துக்காரி ஒருத்திதான் குளோரின் தண்ணீரில் குளிப்பாட்டி, ஊறவும் வைப்பாள். பொறியாளரும் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் ஒரு வாடையும் தெரியவில்லை. அவருக்கு அங்கே பதினெட்டு வருடம்.

"சார், ஒரே ஒரு தடவை. வாய்க்காலுக்கு வாங்க. பழைய வாளியில காட்டுறேன்."

அவர் தயங்கியது ஒரு நிமிடம் இருக்குமா, அதற்குள் அவள் மட்டி ஜாடியைத் தூக்கிக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டாள். ஐம்பதைத் தொடப்போகும் பெண் ஒருத்தி கண்ணாடி ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட, பின்னால் சாப்பாட்டு டப்பாவோடு நாத்தனார் ஓட, அதன் பின்னால் கழுத்து டை தோளில் பறக்கப் பொறியாளர் ஓட, வாசற்காவலர் எங்கேயோ குழாய் வெடித்துவிட்டதென்று மணியை அடித்துவிட்டார்.

எந்திரம் மேட்டின் அடிவிளிம்புக்கே வந்திருந்தது. பொறியாளர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஓட்டுகிறவர் கதவைத் திறந்து, "எவ்வளவு நேரம் சார்? மதியத்துக்கு மேல நிறுத்தணும்னா எனக்குத் தாள்ல எழுதித் தரணும்" என்றார். பிறகு கலங்கலக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ குடிக்க நான் ஒரு மணி நேரம் எடுத்துப்பேன். சூடா இருந்தா ரெண்டு" என்று சொல்லி இறங்கினார்.

பழைய வாளிகள் கரையிலேயே கிடந்தன. அவள் வாய்க்காலில் இறங்கி, ஜாடி மட்டிகளை மேட்டிலேயே விட்டுவிட்டு, மேட்டுக்கு மேலிருந்து இரண்டு வாளியிலும் ஒரே தண்ணீரை மொண்டு, கழுவாமல் துடைக்காமல், பாசியும் சேறுமாக இருபது மட்டியை எடுத்து ஒரு வாளியில் நிற்க வைத்தாள். பிளவு உள்ள முனை மேலே. "உங்க கையால ஏதாவது உள்ள போடுங்க சார். எப்ப தெரியுதுன்னு நீங்களே பாருங்க." பொறியாளர் தன் மோட்டார் சைக்கிள் சாவியை மட்டி வாளியிலும், அறைச் சாவியை மற்ற வாளியிலும் போட்டார். இரண்டும் கலங்கலில் மறைந்தன. இப்போது அவரும் எங்கேயும் போக முடியாது.

நால்வரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். நாத்தனார் டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் பகிர்ந்துவிட்டாள். கலங்கலக்கா ஒரு பருக்கைகூடத் தொடாமல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து முதல் பிளவு திறந்தது. பொறியாளர் முழங்காலில் நின்று, டையின் நுனி தண்ணீரில் நனைவது தெரியாமல் எட்டிப் பார்த்தார். அவள் கையில் இருந்த சொட்டுக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு செங்கல் பொடியைத் தானே விட்டார். உள்ளே போயிற்று. இன்னொன்றுக்கு விட்டார். அதுவும் போயிற்று. "நகருங்க, நகருங்க, வெளிச்சம் மறைக்குது" என்று எல்லாரையும் அதட்டினார்.

மணி பன்னிரண்டே முக்காலுக்கு எந்திரம் ஓட்டுகிறவர்தான் முதலில் பார்த்தார். "சார், உங்க வண்டிச் சாவி."

வாளியின் அடியில் சாவியும் அதில் தொங்கிய சின்ன வளையமும் கல்லில் வைத்ததுபோலத் தெரிந்தன. மற்ற வாளியில் அறைச் சாவி இருக்கிறதா என்பதையே நம்பித்தான் ஆக வேண்டும். இரண்டு வாளியும் ஒரே கரையில், ஒரே வெயிலில், ஒரே மாதிரி அசையாமல்தான் நின்றன. தானாகப் படிந்தது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

பொறியாளர் எழுந்து நின்றார். முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. "அம்மா, இந்த வேலை உத்தரவு உங்க கடிதத்து மேலதான் நிக்குது. பதினொண்ணும் கோப்புல இருக்கு. நான் நிறுத்தணும்னா, எழுதினவங்களே தப்புன்னு எழுதித் தரணும். வேற வழி எனக்குக் கெடையாது." நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது உங்க பணிப் பதிவேட்டுக்குப் போகும். அடுத்த மாசம் தலைமைப் பரிசோதகர் பதவிக்கு நேர்காணல் இருக்கு. முதல்ல அதைத்தான் திறப்பாங்க."

அந்தப் பதவி அவளுக்குத்தான் என்று நிலையத்தில் பூனைக்குக்கூடத் தெரியும். அதற்குத் தகுதியாக அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: இதுவரை அவள் எழுதியதில் தப்பே கிடையாது என்ற பேர். நாத்தனாருக்கும் அது தெரியும். "அண்ணி, கொஞ்சம் யோசிச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"யோசிக்க என்ன இருக்கு? தப்புதானே?" என்றாள் கலங்கலக்கா. "தாள் இருக்கா சார்?"

எந்திரத்தின் சக்கரப் பட்டைக் கவசத்தின் மேல் தாளை வைத்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினாள். 'ஆறு வருடங்களாகப் பதினோரு கடிதங்களில் நான் வண்டல் மேடு என்று எழுதியது தவறு. அது உயிருள்ள மட்டிப் படுகை. ஆற்றுக் கலங்கலை முப்பத்தொன்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கிறது. நான் அளக்காமல் எழுதினேன். மேட்டைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டாள். பொறியாளர் கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டு எந்திரம் ஓட்டுகிறவரிடம் நீட்டினார். அவர் அதை நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏறி எந்திரத்தைப் பின்னால் எடுத்தார்.

பிறகுதான் அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, மேட்டு ஓரத்துல நீங்க ஓடி வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு அள்ளு அள்ளிட்டேன். அந்தச் சேத்துக் குவியல்ல பாருங்க." கலங்கலக்கா பாய்ந்து ஓடினாள். சாயங்காலம்வரை நான்கு பேரும் குவியலைக் கையால் கிளறி, இறுக மூடி, கனமாக, உயிரோடு இருந்தவற்றைப் பொறுக்கினார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு. நாத்தனார் வாளியில் சுமந்து தர, கலங்கலக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக மேட்டின் விளிம்பில் நட்டாள், பிளவு மேலே. பொறியாளர் நட்டதில் பாதி தலைகீழாக இருந்ததால் அவரைப் பொறுக்கும் வேலைக்கே திருப்பி அனுப்பினாள். அன்று வீட்டுக்குப் போனபோது தங்கை சொல்லிக் கேட்டிருந்த கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "எத்தனை மட்டி?" என்று மட்டும் கேட்டார். இவள் ஒரு மணி நேரம் பதில் சொன்னாள்.

நேர்காணலில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் பன்னிரண்டாவது கடிதத்தை மேலே வைத்திருந்தார். "பதினோரு தடவை அளக்காம எழுதினவங்க எழுதுறதை இனிமே எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம்மா. வந்து பாருங்க. ரெண்டு பாட்டில் போதும், மேட்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றாள் கலங்கலக்கா. அவர்கள் குறித்துக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். வந்து பார்க்கவில்லை.

முடிவைப் பொறியாளர்தான் கொண்டுவந்தார். அறையில் அவள் இல்லை, வாய்க்காலில் இருந்தாள். இப்போதெல்லாம் மதிய இடைவேளையில் அவள் அங்கேதான். பொறியாளர் கரையில் நின்று, தொண்டையைச் செருமி, பதவி வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போய்விட்டது என்று சொன்னார். கடிதத்தைத்தான் காரணம் காட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவளுக்கு வலித்தது. நடிக்கத் தெரியாத முகம். உதடு கோணி, கண் நிறைந்துவிட்டது.

"வருத்தமா இருக்காம்மா?"

"இருக்கு சார். வீட்டுக்குப் போய் நல்லா அழுவேன்னு நினைக்கிறேன்." ஈர உள்ளங்கையை அவர் பக்கம் நீட்டினாள். அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மட்டி, வெளிறிய ஓடு, நகத்தால் தொட்டால் உடைந்துவிடும் போல. "ஆனா இப்ப நேரம் இல்ல. இதைப் பாருங்க. புதுசு. மேட்டுல குட்டி வெச்சிருக்கு சார். இன்னும் ஒரு நிமிஷம் வெளிய இருந்தா காஞ்சிடும், முதல்ல இதைத் தண்ணியில விடணும்."

பொறியாளர் காலணியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினார். அவள் குனிந்து அதை வைத்தாள், பிளவு மேலே.